பக்கத்துத் தெருவரை வந்த தண்ணீர்

அத்தியாயம் 6

நூம்பலில் தன் வீட்டுச் சுவரில் யாரோ கோடு போட்டுவிட்டுப் போகிறார்கள், அந்த ஆளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒருவர் வந்து உட்கார்ந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காணாமல் போன நகை, ஓடிப்போன மாப்பிள்ளை, கள்ளக் கையெழுத்து என்று கௌரவமாகப் பிழைத்துக்கொண்டிருந்த அலுவலகம் இது. சுவரில் கிறுக்கியவனைத் தேடுவதற்கா நான் பைக்குக்குப் பெட்ரோல் போடுகிறேன்? ஆனால் மைதிலி மேடம் வந்தவருக்கு டீ சொல்லிவிட்டு, கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். அவர் எழுந்து நின்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். மேடம் டீ வருவதற்குள் கைப்பையை எடுத்துவிட்டார்.

என் பெயர் கிருபாகரன். அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது மேடத்தின் துப்பறியும் அலுவலகம். வண்டி ஓட்டுவது, ஆளைப் பின்தொடர்வது, தேவைப்பட்டால் அடி வாங்குவது ஆகிய மூன்று இலாகாக்களும் என்னுடையவை. மேடம் முன்பு வங்கிக் கடனுக்காக வீடுகளைப் பார்த்து மதிப்பு சொல்லும் வேலையில் இருந்தவர். விரிசல் விட்ட வீட்டுக்கு நல்ல மதிப்புப் போடச் சொன்ன மேலதிகாரியோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன் சுவரைத்தான் பார்ப்பார்.

வந்தவர் பெயர் தசரதன். ஆவடியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளோடு போய் இருந்துவிடலாம் என்று நூம்பல் வீட்டை விலைக்குப் போட்டிருந்தார். மூன்று பேர் வந்து பார்த்து, பிடித்துப்போய், பேசி முடிக்கும் நேரத்தில் சுவரில் ஓடிய பழுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். மெட்ராஸில் அந்தக் கோட்டுக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. வெள்ளம் வந்து அதுவரை நின்றது என்று அர்த்தம். தசரதன் இரண்டு தடவை பெயிண்ட் அடித்தும் கோடு திரும்ப வந்தது. யாரோ வேண்டுமென்றே போடுகிறார்கள் என்று அவர் சொன்னால், ஈரம் உள்ளிருந்து ஊறி வருகிறது என்று வந்தவர்கள் பதில் சொன்னார்களாம். வீட்டுக்கு மதிப்பு சொல்லிப் பழகிய மேடம் தன் கைப்பட எழுதிக் கொடுத்தால் நம்புவார்கள் என்றுதான் அவர் வந்திருந்தார். அன்று மாலை நாலாவதாக ஒரு பெண் வீடு பார்க்க வருகிறாள், அதற்குள் முடிய வேண்டும்.

"அந்த டிசம்பர் வெள்ளம் பக்கத்துத் தெரு வரிக்கும் வந்துச்சு மேடம். எங்க தெருவுக்கு வர்ல" என்றார்.

வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஒரு மாடு, இரண்டு தண்ணீர் லாரி, எண்ண முடியாத பள்ளங்கள் எல்லாவற்றையும் தாண்டி செல்லியம்மன் நகருக்குள் நுழைந்தோம். தசரதன் சொன்ன விலையை நினைத்துப் பார்த்தேன். அந்த விலைக்கு எங்கள் தாத்தா காலத்தில் அம்பத்தூரையே கேட்டிருக்கலாம். தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை. குப்பைத் தொட்டி நிறைந்து வெளியே வழிந்தது, மேலே ஒயர்கள் சிக்கலாகத் தொங்கின, சாக்கடை மூடிமேல் யாரோ செடி வைத்திருந்தார்கள். இதற்கா இவ்வளவு என்று வாய்விட்டே கேட்டேன். மேடம் அதற்குள் சுவரைப் பார்க்கப் போய்விட்டார்.

கோடு நேர்த்தியாகத்தான் இருந்தது. சுவரின் முன்பக்கம் முழுக்க, இடுப்பு உயரத்தில், மங்கலான மண் நிறம். நான் கூடத்தில் போய் செல்போனுக்கு சார்ஜ் போட இடம் தேடினேன். ப்ளக் பாயிண்ட் என் தலைக்கு மேலே இருந்தது. ஒயர் எட்டாமல் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா சார், உங்க ஊட்ல எல்லாரும் ஒட்டகச்சிவிங்கியா?" என்று கேட்டேன்.

பேரப்பிள்ளைகள் விரலை விட்டுவிடுவார்கள் என்று உயர்த்தி வைத்தோம் என்றார் தசரதன். அவர் சிரிக்கவில்லை.

அப்போது பின்பக்கத்திலிருந்து ஒரு பெண் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பேபி என்று பெயர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் பத்தாவது படிக்கும் மகளோடு வாடகைக்கு இருக்கிறாள். பக்கத்திலிருக்கும் ஆஸ்பத்திரி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலை. தசரதன் இல்லாதபோது வீடு பார்க்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிடுவதும் அவள்தான். வீடு விற்றதும் காலி செய்ய வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது என்று தசரதன் அவள் முன்னாலேயே சொன்னார். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தசரதனுக்குச் சந்தேகம் அடுத்த தெருவில் அடுக்குமாடி விற்கும் புரோக்கர் இருதயராஜின் மேல். இந்தத் தெருவைக் கெடுத்தால் ஆட்கள் அந்தத் தெருவுக்குப் போவார்கள் அல்லவா? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆளைப் பார்த்ததும் இன்னும் சரியாகப் பட்டது. ஐந்து விரலில் நாலில் மோதிரம் போட்டிருந்தார்.

இருதயராஜ் கோபப்படவே இல்லை. நாற்காலி போட்டு, குளிர்ந்த மோர் வாங்கிக் கொடுத்துவிட்டு, மேடத்துக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். இங்கிருந்து பைபாஸ் பக்கம், போரூர் பக்கம், கோயம்பேடு பக்கம், குமணன்சாவடிக்குப் போனால் மெட்ரோ. ஆஸ்பத்திரி நடக்கிற தூரம், பள்ளிக்கூடம் கூப்பிடுகிற தூரம். சென்னீர்குப்பத்தில் ஒரு விலை, அதைத் தாண்டித் திருமழிசையில் பாதி விலை, இன்னும் தள்ளிப் போனால் கேட்கிற விலை. செங்கல்லும் சிமெண்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்றார்.

"ஊட்டுக்கு எவனும் காசு குடுக்கல மேடம். காலைல போய் சாயந்தரம் திரும்பி வர்ற நேரத்துக்குத்தான் குடுக்கறாங்கோ. அந்தத் தெருல வெள்ளம்னு பேர் வந்தா என் தெரு மட்டும் மெதக்குமா? ரெண்டு வெலையும் ஒண்ணா ஏறும், ஒண்ணா எறங்கும். என் தலைல நானே மண்ண அள்ளிப் போட்டுக்குவனா?"

அதற்குமேல் அந்த ஆளிடம் கேட்க ஒன்றும் இல்லை. கிளம்பும்போது மேடம் சும்மா கேட்பதுபோல, அந்த வெள்ளத்தில் உங்கள் தெருவில் தண்ணீர் வந்ததா என்றார். எங்கள் தெருவில் இல்லை, பக்கத்துத் தெருவரைக்கும் வந்தது என்றார் இருதயராஜ்.

மேடம் என்னை மற்ற தெருக்களுக்கு அனுப்பினார். நான் வாடகைக்கு வீடு தேடுகிறவன் மாதிரி விசாரித்துக்கொண்டே போனேன். முதல் தெருவில் ஒரு அம்மாள் இரண்டாம் தெருவரைக்கும் வந்தது என்றார். இரண்டாம் தெருவில் மூன்றாம் தெருவரைக்கும் என்றார்கள். நாலாம் தெருவில் இஸ்திரி போடுகிறவர் என் தோளைத் தட்டி, மூன்றாம் தெருவோடு நின்றுவிட்டது, தைரியமாக வாங்கப்பா என்றார். எந்தத் தெருவுக்குள்ளும் கால் வைக்காமல் பக்கத்துத் தெருவிலேயே நின்ற வெள்ளத்தை நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

நான் திரும்பி வந்து அதைச் சொன்னபோது, தசரதன் வீட்டு வாசலில் மேடம் குந்தி உட்கார்ந்து சுவரின் அடிப்பாகத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு படிகளைப் பார்த்தார். தெருவிலிருந்து வாசலுக்கு ஏழெட்டுப் படி ஏற வேண்டியிருந்தது.

"வீட்ட எப்ப தூக்கினீங்க?" என்று கேட்டார்.

தசரதன் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒப்புக்கொண்டார். இந்த ஊரில் இது எல்லோரும் செய்வதுதான். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு போட்டுக்கொண்டே போவார்கள், ரோடு ஏற ஏற வீடு பள்ளத்தில் இறங்கும், ஒரு நாள் வீட்டுக்காரன் கடன் வாங்கி ஆட்களைக் கூப்பிடுவான். அவர்கள் வீட்டுக்குக் கீழே வரிசையாக ஜாக்கி வைத்து, மொத்த வீட்டையும் மேலே தூக்கி, கீழே விழுந்த இடைவெளியில் புதுச் செங்கல் வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். டிசம்பர் வெள்ளத்துக்கு இரண்டு வருஷம் கழித்து அப்படித் தூக்கினோம் என்றார் தசரதன்.

"அப்ப முடிஞ்சுபோச்சு" என்று மேடம் எழுந்தார். "கோடு ஓடுறது பூரா அந்தப் புதுச் செங்கல்லு மேல. வெள்ளம் வந்தப்ப இந்தச் சுவர் இங்க கிடையாது. வீடு கீழ இருந்துச்சு. இல்லாத சுவர்ல எப்படித் தண்ணி நிக்கும்?"

தசரதனின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. எனக்கே கைதட்டத் தோன்றியது. அவர் மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். பிறகு மாலை வர வேண்டிய பெண்ணுக்கு போன் போட்டு, இப்போதே வரச் சொல்ல மாடிக்கு ஓடினார்.

"யாரு போட்டாங்கன்னு பாக்க வேணாமா மேடம்?" என்றேன்.

"கோட்டோட வாலு எங்க, தல எங்கன்னு பாரு கிருபா."

பார்த்தேன். தெருப்பக்கத்தின் கோடியில் கோடு தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போயிருந்தது. வீட்டின் பக்கவாட்டுச் சந்துக்குள் போகப் போகத் தடித்துக்கொண்டே போனது. நனைத்த துணியால் இழுக்கிறவன் ஆரம்பத்தில்தான் தடிப்பாக இழுப்பான். சந்துக்குக் கம்பிக் கதவு உண்டு, எப்போதும் பூட்டித்தான் இருக்கும். அப்படியென்றால் கோடு உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கிறது. பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பது ஒரே ஒரு குடித்தனம்.

சந்தின் கோடியில் குழாயடியிலிருந்து பேபி குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். சுவரோரமாக அவள் நடக்கும்போது குடத்தின் அடியும் கோடும் ஒரே உயரத்தில் போயின. எங்களைப் பார்த்ததும் நின்றாள். மேடம் கேட்பதற்கு முன்பே குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"நான்தான் போட்டேன். டீ டிக்காசன்ல செம்மண்ண கொழச்சு, துணில நனைச்சு இஸ்துகினே போனேன். அவுரு கைல சொல்லிடுவீங்களா?"

மேடம் காரணத்தைக் கேட்டார். பேபி அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஆறு மணி ஷிஃப்டுக்கு இங்கிருந்து நடந்தே போய்விடுகிறாள். மகளின் பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளி. இவள் கொடுக்கிற வாடகைக்குத் திருமழிசை தாண்டி வெள்ளவேடு பக்கம்தான் அறை கிடைக்கிறது. அங்கிருந்து விடியற்காலை ஷேர் ஆட்டோ கிடையாது. வேலையை விட்டுவிட்டால் பெண்ணின் படிப்பும் நின்றுவிடும். வீட்டை யாரும் வாங்காமல் போனால் பரீட்சை முடிகிற வரையிலாவது தள்ளிவிடலாம் என்று பார்த்திருக்கிறாள்.

வேண்டுமென்றே கோபமாகப் பேசினேன். அதற்காக வராத வெள்ளத்தை வந்ததாகச் சொல்லலாமா என்று கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்தே, வராத வெள்ளமா? எங்க ஆஸ்பத்திரில வேல செய்யற ஆயாம்மா கண்ணால பாத்திருக்குது. இந்தத் தெரு ஜனத்த போட்டுல ஏத்திகினு போனாங்களாம். எவ்ளோ ஒசரம்னு எனக்குத் தெரியாது. நான் அப்பால வந்தவ. இடுப்பளவு போட்டா போதும், பயந்து பூடுவாங்கன்னு நெனச்சேன்."

மேடம் விறுவிறுவென்று கூடத்துக்குள் போனார். நானும் ஓடினேன். என்னை எட்ட விடாமல் செய்த அந்த ப்ளக் பாயிண்டுக்கு நேர் கீழே, சுவரை விரலால் தடவினார். பெயிண்டுக்கு அடியில் சதுரமாக ஒரு மேடு தட்டுப்பட்டது. பழைய ப்ளக் பாயிண்டை அடைத்த இடம். சமையலறையில் அப்படியே. மோட்டார் சுவிட்சும் அப்படியே. குழந்தை கை வைக்கக் கூடாது என்று கூடத்தில் உயர்த்தலாம். மோட்டாரை எந்தக் குழந்தை போடப் போகிறது? தண்ணீர் நெஞ்சளவுக்கு நின்ற வீட்டில்தான் இத்தனை சுவிட்சையும் தலைக்கு மேலே கொண்டுபோவார்கள். வெள்ளம் போன பிறகு, வீட்டோடு சேர்ந்து அந்த நிஜமான கறையும் மேலே போயிருக்கிறது. வெளியில் பார்த்தால் அது தெருவில் நிற்பவன் தலைக்கு மேலே எங்கேயோ, மூன்று கோட்டிங் பெயிண்டுக்கு அடியில் இருக்க வேண்டும்.

"கோடு பொய். தண்ணி நிஜம்" என்றார் மேடம். அவர் முகம் சிறுத்துப்போயிருந்தது. பேபி போட்ட பொய் உண்மையில் பாதிகூட இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தசரதன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். மேடம் சுவரில் கை வைத்தபடியே நின்றதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மறுக்கவில்லை. இந்தத் தெருவே சேர்ந்து வெள்ளத்துக்கு அடுத்த பொங்கலுக்குப் பெயிண்ட் அடித்தது, ஒருத்தர் வாய் திறந்தாலும் எல்லோருக்கும் நஷ்டம், வாழ்நாள் முழுக்க உழைத்து வாங்கிய ஒரே சொத்து என்றார். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நான் உங்களாண்ட கேட்டது கோடு பொய்யா இல்லியான்னுதான். அத மட்டும் எழுதிக் குடுங்க மேடம்."

"எழுதினா ரெண்டையும் எழுதுவேன்."

"அப்ப வேணாம்" என்றார். "யாரு போட்டாங்கன்னாவது சொல்லுங்க."

"நீங்க கேட்டது கோடு பொய்யா இல்லையான்னுதான்" என்றார் மேடம்.

அந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. நாலாவதாக வர வேண்டிய பெண். வர்ஷா என்று அறிமுகம் செய்துகொண்டாள். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர், போரூரில் ஐ.டி. வேலை, இப்போது திருநின்றவூரில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். தசரதன் அவளை வாய் நிறைய வரவேற்று, மாடியைக் காட்ட முன்னால் போனார். மேடம் அசையவில்லை. பார்க்கச் சொல்லி வந்த ஆளின் ரகசியத்தை வெளியே சொல்வதில்லை என்பது எங்கள் அலுவலகத்தின் விதி. விதியை எழுதியவர் மேடம், அதைக் கடைப்பிடிக்கும் அளவுக்கு நல்லவன் நான் இல்லை. அவள் வழியை மறித்து நின்றேன்.

"சிஸ்டர், வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இந்த ஊட்ல நெஞ்சளவு தண்ணி நின்னுச்சு. இவுரு சொல்ல மாட்டாரு."

தசரதன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பேபி சந்து வாசலுக்கு வந்து நின்றாள். அவள் முகத்தில் ஓர் ஆசை வந்ததை நான் பார்த்தேன். எனக்கும் வந்தது, மறைக்க மாட்டேன்.

வர்ஷா ஆச்சரியப்படவில்லை. "தெரியும் சார்" என்றாள்.

அந்த வருஷத்து வீடியோக்களை எல்லாம் பார்த்தாயிற்று, எந்தத் தெருவில் போட் விட்டார்கள் என்று அதிலேயே தெரிகிறது, வீட்டைத் தூக்கியிருப்பதை வாசல் படியிலேயே பார்த்தாயிற்று என்றாள். மழை அறிவிப்பு வந்தால் காரை மேம்பாலத்தில் நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்விடுவார்களாம்.

"நான் கிளம்பறப்ப புள்ள தூங்கறான். திரும்பி வர்றப்பவும் தூங்கறான். தண்ணி பத்து வருஷத்துக்கு ஒரு தடவ வருதோ என்னமோ. அந்த ரோடு எனக்கு தினமும் வருது. நீங்களே சொல்லுங்க, நான் எதுக்குப் பயப்படணும்?"

நான் அவள் வழியை விட்டு ஒதுங்கினேன். மேடம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். தசரதன் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, கேட்ட விலைக்கே சம்மதமா என்று விசாரித்தார். அவள் சம்மதம் என்றாள். முன்பு ஓடிப்போனவர்களில் ஒருவர், தான் மாடியில் இருந்தபோது மறுபடி போன் பண்ணினார் என்று தசரதன் எங்களைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு எங்கள் உதவியே தேவைப்பட்டிருக்கவில்லை. பேபி போட்ட கோடு ஒரு பைசாகூட அந்த வீட்டின் விலையைக் குறைக்கவில்லை.

"பின்னாடி ரூம் காலியாத்தானே தருவீங்க?" என்று கேட்டாள் வர்ஷா.

இந்த மாதத்தோடு காலி என்றார் தசரதன்.

பேபி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு எட்டு முன்னால் வந்தாள். வெள்ளவேட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போக முடியாது என்று அதற்குள் கணக்குப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது.

"கொழந்தைய பாத்துக்க ஆளு வேணுமாம்மா? நான் நல்லா பாத்துக்குவேன்."

வர்ஷாவின் முகம் பிரகாசமானது. நிஜமாகவே ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். பேபியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது என்று சொன்னாள். எங்கே தங்குவீர்கள் அக்கா என்று கேட்டாள்.

"வெள்ளவேடு பக்கம் பாத்துகினு கீறேன்."

"அவ்ளோ தூரமா? அய்யோ, வேண்டாம்க்கா. அங்கருந்து நீங்க வர்றதுக்குள்ள எனக்கு ஆபீஸ் நேரம் போயிரும். எனக்குப் பக்கத்துல இருக்கறவங்கதான் வேணும்." அதில் ஒரு துளி கெட்ட எண்ணம் கிடையாது. அவளுக்கு வருத்தமாகவே இருந்தது.

"ஆமாம்மா" என்றாள் பேபி. "அதுக்குத்தான் நானும் இங்கியே இருந்துடலாம்னு பாத்தேன்."